இந்த ஃபோல்டர் யார் பேரில் இருக்கிறது?

அத்தை அந்த ஹார்ட் டிஸ்க்கை ஒரு துணிக்கடைக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். மாமாவின் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டபோது இதை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டாராம்.

"இதுக்குள்ளதான் போட்டோ எல்லாம் இருக்குடா. உங்க மாமா ஊர் ஊரா போயி எடுத்தது. எடுத்துக் குடு" என்றார்.

மாமா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. யுஎஸ்பி அடாப்டர் ஒன்றை வாங்கி, அத்தையின் லேப்டாப்பில் சொருகினேன். டிஸ்க் லேசாக முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது. பரவாயில்லையே, உயிர் இருக்கிறது. மாமாவின் பெயரில் இருந்த ஃபோல்டரைத் தட்டினேன். இந்த ஃபோல்டருக்குள் நுழைய உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை என்றது விண்டோஸ். கீழே ஒரு 'தொடரவும்' பட்டன் இருந்தது, அதையும் அமுக்கினேன். பச்சைக் கோடு கொஞ்ச தூரம் ஓடி நின்றது. உங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டுள்ளது என்று இரண்டாவது பெட்டி வந்தது.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு அனுமதி இல்லையாம்?"

"நமக்குத்தான் அத்தை."

"உங்க மாமா எடுத்த போட்டோவைப் பாக்க எனக்கு எவன்டா அனுமதி தரணும்?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிப் போன கதை. தேடினால் அது 1960களின் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொடங்கி, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வழியாக, அத்தை வீட்டு ஹாலுக்கு வந்து சேர்கிறது.

*

ஒரு கம்ப்யூட்டரை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்த முடியும் என்றிருந்த காலத்தில் அனுமதி என்ற பிரச்சினையே கிடையாது. உங்கள் துளையட்டைகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள், உங்கள் முறை வரும்போது ஓடும், முடிவை வாங்கிக்கொண்டு கிளம்புவீர்கள். கோப்பு என்பது உங்கள் கையில் இருக்கும் அட்டைக்கட்டு. அதைத் திருட வேண்டுமென்றால் உங்கள் மேசையைத் திறக்க வேண்டும்.

1961இல் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சிடிஎஸ்எஸ் என்ற முறையைச் செய்து காட்டியது. எல்லோருடைய கோப்புகளும் ஒரே டிஸ்க்கில் வந்து குவிந்தன. ஒண்டுக்குடித்தனம் மாதிரிதான். ஒரே வீடு, ஒரே கிணறு, ஆனால் அவரவர் பெட்டிக்கு அவரவர் பூட்டு. பாஸ்வேர்டு என்ற சமாச்சாரம் கம்ப்யூட்டருக்குள் வந்தது இங்கேதான்.

அந்தப் பூட்டு எவ்வளவு லட்சணமானது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 1966இல் ஒரு நாள், உள்ளே நுழைந்த ஒவ்வொருவரின் டெர்மினலிலும் வழக்கமான 'இன்றைய செய்தி'க்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டுகளும் வரிசையாக அச்சாகி வந்தன. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் எடிட்டரைத் திறந்திருக்கிறார்கள். ஒருவர் செய்தியைத் திருத்துகிறார், மற்றவர் பாஸ்வேர்டு கோப்பைத் திருத்துகிறார். அந்த எடிட்டரோ தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். அங்கே ஒரு சமயத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று நம்பி எழுதிய நிரல் அது. இரண்டும் இடம் மாறிவிட்டன. கோர்பட்டோ பிற்பாடு டியூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் தானே இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

சிடிஎஸ்எஸ்ஸுக்கு அடுத்து வந்தது மல்டிக்ஸ். எம்ஐடி, பெல் ஆய்வகம், ஜெனரல் எலக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து எடுத்த பெரிய திட்டம். 1965இல் ராபர்ட் டேலியும் பீட்டர் நியூமனும் அதன் கோப்பு அமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் நம் கதாநாயகன் அறிமுகமாகிறான்: அனுமதிப் பட்டியல். ஒவ்வொரு கோப்போடும் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். இன்னார் படிக்கலாம், இன்னார் எழுதலாம், இன்னார் ஓட்டலாம். கல்யாண மண்டப வாசலில் ஒருவர் பெயர்ப் பட்டியலோடு நிற்பது போல. யார் வந்து தட்டினாலும் பட்டியலைப் பார்த்துத்தான் கதவு திறக்கும்.

பெல் ஆய்வகம் 1969இல் மல்டிக்ஸிலிருந்து விலகியது. அங்கே அந்தத் திட்டத்தில் இருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைச் செய்தார்கள். பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றே பேரை வைத்துக்கொண்டார்கள்: உரிமையாளர், குழு, மற்றவர்கள். (குழு கொஞ்சம் பிந்திதான் வந்து சேர்ந்தது.) ஆளுக்கு மூன்று அனுமதி, ஆக மொத்தம் ஒன்பது பிட். அதில் 'என் தம்பிக்கு மட்டும் படிக்கக் கொடு, அவன் நண்பனுக்கு வேண்டாம்' என்று நேரடியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் ஒரு கோப்பின் முழு ஜாதகமும் ஒரு வரிக்குள் அடங்கிவிடும். ஒரு பார்வை பார்த்தால் போதும். என்னைக் கேட்டால், யூனிக்ஸ் இவ்வளவு காலம் நின்றதற்கு இந்தக் கஞ்சத்தனமும் ஒரு காரணம். தன் பூட்டை மனிதன் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது.

அத்தையின் லேப்டாப்பில் இருப்பது யூனிக்ஸின் வாரிசு கிடையாது. பட்டியல் வேறொரு வழியில் சுற்றிக்கொண்டு வந்தது.

*

அந்த வழியின் பெயர் டேவ் கட்லர். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில், 1977இல் வந்த வாக்ஸ் கம்ப்யூட்டர்களுக்காக விஎம்எஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். யூனிக்ஸ் என்றாலே அவருக்கு ஆகாது, அதை அவர் மறைத்ததும் இல்லை. விஎம்எஸ்ஸும் ஆரம்பத்தில் யூனிக்ஸ் மாதிரி சில வகையினருக்கு மட்டும் அனுமதி என்றுதான் இருந்தது. 1980களின் நடுவில் அதற்கும் பட்டியல் வந்து சேர்ந்தது. 1988 அக்டோபரில் கட்லர் மைக்ரோசாஃப்டுக்கு மாறினார். தன் பழைய சகாக்கள் சிலரையும் கையோடு அழைத்துக்கொண்டு போனார். 1993 ஜூலையில் வெளிவந்தது விண்டோஸ் என்.டி. அதன் கோப்பு அமைப்பு என்டிஎஃப்எஸ். ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஓர் உரிமையாளர், ஓர் அனுமதிப் பட்டியல்.

இவ்வளவு நுணுக்கமான பட்டியல் ஒரு வணிகக் கம்பெனிக்கு எதற்கு? ஒரு பெரிய காரணம், ஆரஞ்சு நிற அட்டை போட்ட ஒரு புத்தகம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1983இல் கம்ப்யூட்டர்களின் நம்பகத்தன்மையை அளக்க ஒரு மதிப்பீட்டு முறையை வெளியிட்டது. எல்லோரும் அதை ஆரஞ்சுப் புத்தகம் என்றே அழைத்தார்கள். அதில் சி2 என்று ஒரு படி. தனித்தனி ஆள் வரைக்கும் பிரித்து அனுமதி கொடுக்கவும் மறுக்கவும் முடிய வேண்டும், யார் எதைத் தொட்டார் என்று பதிவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் நிபந்தனைகள். அரசாங்கத்துக்கு விற்க வேண்டுமென்றால் சி2 கையில் இருப்பது நல்லது. என்.டி.யை ஆரம்பத்திலிருந்தே அதை மனதில் வைத்துத்தான் வடிவமைத்தார்கள். என்.டி. 3.5க்கு அந்தச் சான்று 1995 ஜூலையில் கிடைத்தது. ஒரு சின்ன விஷயம்: நெட்வொர்க்கோடு இணைக்காமல் தனியாக நிற்கும் இயந்திரத்துக்குத்தான் அந்தச் சான்று. கதவே இல்லாத வீட்டின் பூட்டுக்கு முதல் பரிசு என்று அப்போது கிண்டல் அடித்திருப்பார்கள், நான் இருந்திருந்தால் நானும் அடித்திருப்பேன்.

அந்தப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் பெயர்கள் இருக்காது, எண்கள்தான் இருக்கும். எஸ்-1-5-21 என்று தொடங்கி, நடுவில் அந்த இயந்திரத்துக்கே உரிய மூன்று நீண்ட எண்கள், கடைசியில் பயனருக்கு ஒரு குறுகிய எண். நடுவில் உள்ளவை விண்டோஸை நிறுவும்போது உண்டாகின்றன. அதே இயந்திரத்தில் அழித்துவிட்டு மறுபடி நிறுவி அதே பெயரில் கணக்கு ஆரம்பித்தாலும் எண் வேறு. விண்டோஸுக்கு நீங்கள் வேறு ஆள்.

'மறு' என்கிற வரிகள் பட்டியலின் மேலே நிற்கும், 'கொடு' என்கிற வரிகள் கீழே. வாசல்காரர் மேலிருந்து படித்துக்கொண்டு வந்து, முடிவு தெரிந்ததும் நிறுத்திவிடுவார். அதனால்தான் எல்லோருக்கும் மறு என்று வீராப்பாகப் போட்டவர், அந்த 'எல்லோரும்' என்பதில் தானும் சேர்த்தி என்று தெரிந்து திகைத்து நிற்பார். இன்னொரு வேடிக்கை: பட்டியலே இல்லாத பொருளுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். பட்டியல் இருந்து அது காலியாக இருந்தால் யாருமே போக முடியாது.

யாருமே என்றால், உரிமையாளர்? அவராலும் கோப்பைத் திறக்க முடியாது. ஆனால் பட்டியலைத் திருத்த முடியும். அந்த உரிமை அவரிடமிருந்து சாதாரணமாகப் போகாது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் பட்டா ஒருவர் பேரில், அனுபவம் இன்னொருவர் கையில். வீட்டுக்குள் காலே வைக்க முடியாவிட்டாலும் பட்டாக்காரர் பட்டாக்காரர்தான். நம் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

*

இதெல்லாம் ஆபீஸ்களில் நடந்துகொண்டிருந்தபோது, வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வேறு உலகத்தில் இருந்தன. டாஸ், அதன்மேல் விண்டோஸ் 95, 98. அவற்றின் ஃபேட் கோப்பு அமைப்பில் உரிமையாளர் என்ற கருத்தே கிடையாது. அட்ரிப் என்று ஒரு கட்டளை உண்டு. கோப்பை 'படிக்க மட்டும்' என்றோ 'மறைவு' என்றோ குறித்து வைக்கலாம். அடுத்து வருபவர் அதே கட்டளையால் குறியை எடுத்துவிடலாம். விண்டோஸ் 98இல் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் 'கேன்சல்' அமுக்கினால் நேராக உள்ளே போய்விடலாம் என்பது பிரவுசிங் சென்டர் காலத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். அதை பாஸ்வேர்டு என்று யாரும் நினைக்கவில்லை, மரியாதைக்கு ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

2000 அக்டோபரில், உலகில் ஓடிக்கொண்டிருந்த கடைசி மல்டிக்ஸ் கம்ப்யூட்டரை கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நிறுத்தினார்கள். பாதுகாப்புத் துறையின் இயந்திரம் அது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2001 அக்டோபரில், விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் வீட்டு விண்டோஸையும் ஆபீஸ் விண்டோஸையும் ஒன்றாக்கியது. என்.டி.யின் உள்கட்டு வீட்டுக்குள் வந்தது. மல்டிக்ஸ் நினைத்த, ஆரஞ்சுப் புத்தகம் கேட்ட அந்தப் பட்டியல் மாமாவின் மேசைக்கு வந்தது அப்படித்தான்.

ஆனால் கைப்பிடியைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார்கள். எக்ஸ்பியின் ஹோம் பதிப்பில், பட்டியலைக் காட்டும் 'செக்யூரிட்டி' பக்கம் சாதாரணமாகக் கண்ணில் படாது. சேஃப் மோடில் போனால் தெரியும். வீட்டு மக்களுக்கு இதெல்லாம் புரியாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு எளிய கேள்வி. உங்கள் கணக்குக்கு பாஸ்வேர்டு போட்டால், உங்கள் கோப்புகளை உங்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிடட்டுமா என்று எக்ஸ்பி கேட்கும். 'ஆம்' என்று ஒரு தட்டு தட்டினால், பட்டியலிலிருந்து நிர்வாகிகள் குழுவையே எடுத்துவிடும். நீங்களும் இயங்குதளமும் மட்டும் மிச்சம். பல வருஷம் கழித்து அந்த டிஸ்க் வேறு கம்ப்யூட்டருக்குப் போனால் என்ன ஆகும் என்று அந்தப் பெட்டி சொல்லவில்லை.

மாமா 'ஆம்' என்று தட்டியிருக்கிறார்.

கைப்பிடி கழன்ற கதவுக்கு ஒரே ஒரு ஜன்னல் மிச்சமிருந்தது: கறுப்புத் திரை. என்.டி. நாட்களிலேயே வந்த காக்கிள்ஸ் என்ற கட்டளை எக்ஸ்பி ஹோமிலும் இருந்தது. ஃபோல்டர் பெயரோடு சேர்த்து அடித்தால் பட்டியலைக் காட்டும். மாற்றவும் முடியும். ஆனால் முரட்டுக் கட்டளை. 'திருத்து' என்பதற்கான குறியை மறந்துவிட்டு ஒருவருக்கு அனுமதி கொடுத்தால், இருந்த பட்டியலை மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டு அந்த ஒருவரை மட்டும் எழுதிவைக்கும். நிச்சயமாகவா என்று கேட்கும்தான். அந்தக் கேள்வியைத் தவிர்க்க அதில் வழியில்லாததால், நிர்வாகிகள் 'ஒய்' என்ற எழுத்தைக் குழாய் வழியே அதன் வாய்க்குள் தள்ளிவிடும் தந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். அதாவது, இருந்த ஒரே எச்சரிக்கைக்கும் தானியங்கியாக ஆமாம் சாமி போட்டாயிற்று. தவிர, விண்டோஸ் 2000இலிருந்து மேல் ஃபோல்டரின் அனுமதி உள்ளே உள்ளவற்றுக்குத் தானாக இறங்கும் புதிய வாரிசு முறை வந்திருந்தது. காக்கிள்ஸ் அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ளவே இல்லை.

விஸ்டா 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்தபோது அதில் இரண்டு கட்டளைகள் இருந்தன. பட்டியலைப் பார்க்க, திருத்த, நகல் எடுத்து வைத்துப் பின்னால் மீட்க ஐகாக்கிள்ஸ். உரிமையைக் கைப்பற்ற டேக்ஓன். இரண்டும் இன்றைய விண்டோஸிலும் இருக்கின்றன. கூடவே விஸ்டா வேறொன்றும் செய்தது. தன் சொந்தக் கோப்புகளின் பட்டாவை நிர்வாகியின் பேரிலிருந்து எடுத்து 'ட்ரஸ்டட் இன்ஸ்டாலர்' என்ற ஒரு சர்வீஸின் பேருக்கு மாற்றிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டரில், நிர்வாகி என்ற பட்டத்தோடு உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் அந்தக் கோப்பைத் தொட அனுமதி இல்லை என்ற பதில் வந்தது. ஜனங்களுக்குக் கோபம் வந்தது. ரைட் கிளிக் மெனுவிலேயே 'உரிமையை எடு' என்று ஒரு வரியைச் சேர்க்கும் ரெஜிஸ்ட்ரி துண்டுகள் கைமாறிக் கைமாறிப் பரவின. ஒரு தட்டில் எல்லாம் உன்னுடையது.

அதில் பலர் மாட்டிக்கொண்ட ஒரு பொறியைச் சொல்ல வேண்டும். விஸ்டாவில் 'டாகுமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற பழைய எக்ஸ்பி ஃபோல்டர் இருப்பது போலத் தெரியும், தட்டினால் அனுமதி இல்லை என்னும். அது ஃபோல்டரே அல்ல, கைகாட்டி மரம். பழைய நிரல்கள் பழைய முகவரியைத் தேடிவந்தால் புது இடத்துக்குத் திருப்பி அனுப்புவதற்காக வைத்தது. உள்ளே இருப்பதை யாரும் பட்டியலிடக் கூடாது என்று வேண்டுமென்றே மறுப்பு எழுதியிருந்தார்கள். ஏனென்றால் இந்தக் கைகாட்டிகளில் சில, தான் இருக்கும் இடத்தையே காட்டும். பூட்டை 'சரிசெய்து' திறந்தவர்களின் பேக்அப் நிரல்கள் 'அப்ளிகேஷன் டேட்டா'வுக்குள் 'அப்ளிகேஷன் டேட்டா', அதற்குள் இன்னொரு 'அப்ளிகேஷன் டேட்டா' என்று முடிவில்லாமல் இறங்கிக்கொண்டே போயின.

*

இந்தக் காலத்தில் எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம் என்று ஒன்று நிலைத்துவிட்டது: எவ்ரிஒன், எஃப். அதாவது எல்லோருக்கும், முழு அதிகாரம். ஒரு நிரல் ஓடவில்லையா? அந்த ஃபோல்டருக்கு எவ்ரிஒன் எஃப் கொடு. பிரிண்டர் பிடிவாதமா? எவ்ரிஒன் எஃப். பார்க்கப் போனால் இதை ஆரம்பித்து வைத்ததே மைக்ரோசாஃப்ட்தான். என்.டி.யிலும் விண்டோஸ் 2000இலும் டிஸ்க்கின் ஆணிவேர் ஃபோல்டருக்கே எவ்ரிஒன் முழு அதிகாரம் என்பதுதான் ஆரம்ப நிலை. சி2 தரப் பூட்டைச் செய்து, சாவியை வாசலிலேயே தொங்கவிட்டு விற்றார்கள்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பகிர்வு ஃபோல்டர் திறக்கவில்லை என்று யாரோ கத்த, எங்கேயோ படித்த ஒரு வரியை அப்படியே அடித்தேன். திறந்தது. பாராட்டினார்கள். அந்த ஃபோல்டருக்குள் எல்லோருடைய சம்பளக் கணக்கும் இருந்தது என்பது ஒரு மாதம் கழித்து சாப்பாட்டு மேசையில் வெடித்த சண்டையில்தான் தெரிந்தது.

2017 மே 12. வானாக்ரை என்ற பணயத் தீநிரல் ஒரே நாளில் உலகைச் சுற்றியது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனை அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. அறுவை சிகிச்சைகளும் முன்பதிவுகளும் ரத்தாயின. அந்த நிரலைப் பிரித்துப் பார்த்தவர்கள், அது ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்தவுடன் அடிக்கும் முதல் கட்டளைகளில் இரண்டைக் கண்டார்கள். முதலில் அட்ரிப், தன் ஃபோல்டரை மறைத்துக்கொள்வதற்கு. அடுத்து ஐகாக்கிள்ஸ். ஒரு புள்ளி, அதாவது 'இந்த ஃபோல்டர்'. பிறகு 'கொடு'. பிறகு எவ்ரிஒன், எஃப். கடைசியில் மூன்று குறிகள்: உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும், தவறு வந்தாலும் நிறுத்தாதே, சத்தம் போடாதே.

அந்த வரியை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சம்பள ஃபோல்டருக்கு நான் அடித்த அதே வரி. குறிகள் உட்பட. வானாக்ரை அதைத் தன் வேலைக் கோப்புகள் இருந்த ஃபோல்டருக்கு மட்டும் அடித்தது. அடுத்த வருஷம் கிளம்பிய ரியுக் என்ற தீநிரல் முழு சி டிரைவுக்கே அடித்தது, எந்தக் கோப்பும் பூட்டப்படாமல் தப்பிவிடக் கூடாது என்பதற்காக. திருடனுக்குத் தனிச் சாவி தேவைப்படவில்லை. நிர்வாகி செய்வதைத்தான் அவனும் செய்தான்.

இதன் எதிர்ப்பக்கக் கதை 2021 ஜூலையில். யோனஸ் லிக்கெகார்ட் என்ற ஆய்வாளர், அப்போது சோதனையில் இருந்த விண்டோஸ் 11இல் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். பயனர்களின் பாஸ்வேர்டு தடயங்கள் உறங்கும் 'சாம்' என்ற கோப்பின் பட்டியலில், 'யூசர்ஸ்' குழு படிக்கலாம் என்று ஒரு வரி. யூசர்ஸ் என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கும் யாரும். தேடிப் பார்த்தால் விண்டோஸ் 10இலும் அப்படித்தான், 1809 பதிப்பிலிருந்து. அது 2018இல் வந்தது. ஏறத்தாழ மூன்று வருஷம். விண்டோஸ் ஓடும்போது அந்தக் கோப்பு பூட்டப்பட்டிருக்கும், நேராகத் திறக்க முடியாது. ஆனால் மீட்புக்காக விண்டோஸே எடுத்துவைக்கும் நிழல் பிரதியில் பூட்டு கிடையாது, அங்கே போய்ப் படிக்கலாம். சிவிஇ-2021-36934 என்று எண் கொடுத்தார்கள். சீரியஸ்சாம், ஹைவ்நைட்மேர் என்று பட்டப் பெயர்களும் வந்தன.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஐகாக்கிள்ஸ் என்று அடித்து, அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் போதும். நாலைந்து வரி வரும். அதில் யூசர்ஸ் என்ற பெயரும், பக்கத்தில் அடைப்புக்குள் ஐ, ஆர்எக்ஸ் என்ற எழுத்துகளும் இருந்தால் நீங்கள் மாட்டிக்கொண்டவர். ஐ என்றால் மேலிருந்து வாரிசாக வந்தது, ஆர்எக்ஸ் என்றால் படிக்கவும் ஓட்டவும் அனுமதி. கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அந்த வரி மூன்று வருஷமாக எழுதியே இருந்தது. ஆகஸ்டில் திருத்தம் வரும்வரை மைக்ரோசாஃப்ட் சொன்ன தற்காலிக வைத்தியமும் ஐகாக்கிள்ஸ்தான்: அந்த ஃபோல்டரின் கோப்புகளில் வாரிசு முறையை மறுபடி இயங்கவிடு, பிறகு பழைய நிழல் பிரதிகளை அழித்துவிடு. ஏன் அழிக்க வேண்டும்? பிரதிகளில் பழைய பட்டியலும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

மல்டிக்ஸின் பட்டியலை யூனிக்ஸ்காரர்கள் ஏன் தூக்கிப் போட்டார்கள் என்று இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. ஒன்பது பிட்டில் இப்படி ஒரு பிழை வராது என்று சொல்ல வரவில்லை, வரும். ஆனால் கண்ணில் பட்டிருக்கும்.

*

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மறுபடி அத்தை வீட்டுக்குப் போனேன். இந்த முறை எதையும் அவசரமாக அடிக்கக் கூடாது என்று முடிவோடு. லேப்டாப்பில் இரண்டு கணக்கு: அத்தையுடையது ஒன்று, பெங்களூரில் இருக்கும் மகனுடையது ஒன்று. மகனுடையதுதான் நிர்வாகி. அதில் நுழைந்து, நிர்வாகி உரிமையோடு கறுப்புத் திரையைத் திறந்தேன்.

முதலில் ஐகாக்கிள்ஸ், மாமாவின் ஃபோல்டர் பெயரோடு. அனுமதி இல்லை. உள்ளே போக மட்டும் அல்ல, யார் போகலாம் என்ற பட்டியலைப் பார்க்கவே அனுமதி இல்லை. எக்ஸ்பி அந்த 'ஆம்' தட்டலை ஒழுங்காகத்தான் நிறைவேற்றியிருக்கிறது.

எனவே டேக்ஓன், ஆனால் மேல் ஃபோல்டருக்கு மட்டும். உள்ளே முழுக்க இறங்கு என்று சொன்னால், நுழைய முடியாத ஃபோல்டர்களின் பட்டியலையே மாற்றி எழுதட்டுமா என்று அது கேட்கும். பழைய பட்டியலை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பட்டா கைமாறியது. மறுபடி ஐகாக்கிள்ஸ் அடித்தேன். இரண்டே வரி. ஒன்று சிஸ்டம். மற்றது எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண், முடிவில் 1003, பக்கத்தில் எஃப்.

"என்னடா நம்பர் அது?"

"மாமா, அத்தை."

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெயரும் இல்லை. அந்த எண்ணைப் பெயராக மாற்றிச் சொல்லத் தெரிந்த ஒரே இடம், எடைக்குப் போய்விட்ட அந்தப் பழைய விண்டோஸ்தான். அது மாமா என்று இந்த லேப்டாப்புக்குத் தெரியாது. ஆனால் பூட்டை மட்டும் இவ்வளவு வருஷம் மதித்து வந்திருக்கிறது.

அந்தப் பட்டியலை ஐகாக்கிள்ஸின் சேமிப்புக் குறியால் ஒரு கோப்பில் நகல் எடுத்து வைத்தேன். தேவை எதுவும் இல்லை, அந்த எண் எங்கேயாவது இருக்கட்டும் என்று தோன்றியது. பிறகு டேக்ஓன், இந்த முறை உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும். கோப்புப் பெயர்கள் கடகடவென்று மேலே ஓட ஆரம்பித்தன. பெரும்பாலும் கேமரா கொடுத்த எண்கள். நடுநடுவே மாமா வைத்த பெயர்கள்: கொடைக்கானல், ராமேஸ்வரம் பாலம், அத்தையின் பெயர், 'குருவி 3', 'குருவி 4'. எவ்ரிஒன் கொடுக்கவில்லை. அத்தையின் கணக்குக்கு முழு அனுமதி, ஃபோல்டர்களுக்கும் கோப்புகளுக்கும் இறங்கும்படி. அத்தோடு யூசர்ஸ் குழுவுக்குப் படிக்க மட்டும். அந்தக் குழுவின் எண் எல்லா விண்டோஸிலும் ஒன்றேதான். அத்தை அடுத்த லேப்டாப் வாங்கினால் பார்ப்பதற்காவது தடை இருக்காது.

முடிந்துவிட்டது என்று சொன்னேன். அத்தை எழுந்து போகவில்லை.

"இப்போ இது யார் பேர்ல இருக்கு?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. டேக்ஓன் என்பது உட்கார்ந்திருக்கும் ஆளின் பேருக்கு மாற்றும். நான் உட்கார்ந்திருந்தது பெங்களூர் மகனின் கணக்கில்.

"தம்பி பேர்ல இருக்கு, அத்தை. உங்களுக்கு எல்லா அனுமதியும் குடுத்தாச்சு, ஒண்ணும் வித்தியாசம் இல்ல."

மாமா இறந்த பிறகு வீட்டுப் பட்டாவைத் தன் பேருக்கு மாற்ற, வாரிசுச் சான்றிதழும் கையுமாக ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கியவர் அவர். ஒண்ணும் வித்தியாசம் இல்லை என்ற வார்த்தையை அங்கேயும் நிறைய கேட்டிருப்பார்.

"அவன் பேர்ல எதுக்கு? என் பேர்ல மாத்து."

ஐகாக்கிள்ஸில் அதற்கு ஒரு குறி இருக்கிறது, 'உரிமையாளரை வை' என்று. அத்தையின் கணக்குப் பெயரை எழுதி, உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் என்று சேர்த்து அடித்தேன். பெயர்கள் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தன. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசி வரி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.